பிரசவச் சீட்டில் எந்த வரி முக்கியம்?

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரி, பீரோவைத் திறந்து பழைய பிரசவ ஃபைலைத் தேடாத வீடு குறைவு. டிஸ்சார்ஜ் சீட்டின் ஒவ்வொரு வரியும் அன்றைக்குக் குற்றப்பத்திரிகை போலத் தெரியும். "கொடி சுத்தியிருந்துச்சு", "பொறந்ததும் அழல", "நாலு நாள் லைட்டுல வச்சாங்க", "ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க". சேலம் பக்கம் அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியவர்களுக்கு இன்னொரு பாரமும் சேரும். மாமியாரே அத்தையாகவோ அம்மாவைப் பெற்ற பாட்டியாகவோ இருக்கும் வீட்டில் பழி போட வெளியாள் கிடையாது. சுற்றிச் சுற்றி அது தாய் தலையில்தான் வந்து இறங்கும். மாசமாக இருக்கும்போது ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போனது, கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி தின்றது என்று பேச்சு நீளும். மலைப்பாதை, கிரகணம், பப்பாளி எதுவும் ஆட்டிசத்துக்குக் காரணம் இல்லை.

ஆனால் அந்த ஃபைல் தேவை. அது பயன்படுவது மூன்று இடங்களில்: குழந்தைக்கு இன்னும் எந்தப் பரிசோதனை பாக்கி என்று தெரிந்துகொள்ள, ஆட்டிசம் போலத் தோற்றம் காட்டும் வேறு கோளாறு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, அடுத்த கர்ப்பத்துக்குத் தயாராக. யார் தப்பு என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. ஏன் இருக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1977இல் லண்டனில் மனநல மருத்துவர்கள் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் ஜோடிகளைப் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒருவருக்கு ஆட்டிசம். ஒரே கருமுட்டையிலிருந்து வந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே இருந்தது. வெவ்வேறு முட்டையிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. மரபணுவின் பங்கை முதன்முதலில் பளிச்சென்று காட்டிய ஆய்வு அது. தாயின் அன்பு போதாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மனநல மருத்துவர்களே எழுதிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு வந்த ஆய்வு என்பதால் அதன் மதிப்பு இன்னும் பெரிது. அதே ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருக்கிறது. அதை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஒருவருக்கு மட்டும் ஆட்டிசம் இருந்த 17 ஜோடிகளில் 12இல், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத்தான் மூளையைப் பாதிக்கக்கூடிய பிரசவக் கால இடர் நேர்ந்திருந்தது. ஆக மரபணு ஒரு சாய்வை உண்டாக்குகிறது, அந்தச் சாய்வின் மேல் பிரசவம் சில நேரம் ஒரு தள்ளு தள்ளுகிறது என்ற படம் அப்போதே கிடைத்துவிட்டது.

பிறகு வந்த பெரிய கணக்குகள் சாய்வின் பங்கு எவ்வளவு பெரிது என்று காட்டின. ஐந்து நாடுகளின் 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்தை மரபு விளக்குகிறது என்றது. இதைப் படித்துவிட்டு "எண்பது பர்சென்ட் அப்பா அம்மாகிட்ட இருந்து வந்தது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரபணு மாற்றங்களில் ஒரு பகுதி பெற்றோர் உடலில் எங்கும் இல்லாமல், விந்தணுவோ முட்டையோ உருவாகும்போது புதிதாக ஏற்படுபவை. மீதியில் பெரும்பாலானவை நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் சிறு மாற்றங்களின் கூட்டுத்தொகை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிரமமான பிரசவம் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். மூளை வளர்ச்சி வேறு விதமாக அமைந்த கரு, வயிற்றுக்குள் அசைவதும் தலைகீழாகத் திரும்புவதும் பிறந்ததும் மூச்செடுப்பதும் பால் உறிஞ்சுவதும்கூடக் கொஞ்சம் மாறலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2004இல் ஆட்டிசக் குழந்தைகளின் பிரசவப் பதிவுகளைக் கூடப்பிறந்தவர்களின் பதிவுகளோடும் பொதுவான குழந்தைகளின் பதிவுகளோடும் ஒப்பிட்டார்கள். எந்த ஒரு பிரசவச் சிக்கலையும் தனிக் காரணம் என்று சொல்ல முடியாது, அடியில் இருக்கும் மரபுக் காரணமே சிக்கலையும் கூட்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இனி ஃபைலைத் திறக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது வாரக் கணக்கு. எடையை எல்லோரும் சொல்வார்கள், எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேட்டால் "எட்டு மாசம்" என்பார்கள். மாசம் போதாது, வாரமும் நாளும் வேண்டும். ஸ்வீடனில் 1973 முதல் 2013 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்குப்படி, 22 முதல் 27 வாரத்துக்குள் பிறந்தவர்களில் 6.1 சதவீதம் பேருக்கு ஆட்டிசம். 28 முதல் 33 வாரம் என்றால் 2.6, 34 முதல் 36 என்றால் 1.9, 37, 38 என்றால் 1.6, 39 முதல் 41 என்றால் 1.4. ஏறுவரிசை தெளிவாக இருக்கிறது. ஆனால் மிக மிகக் குறை மாதத்தில் பிறந்த 100 குழந்தைகளில்கூட 94 பேருக்கு ஆட்டிசம் இல்லை என்பதையும் அதே வரிசையில்தான் படிக்க வேண்டும்.

இங்கே நம்மூர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நட்சத்திரம் பார்த்து, நேரம் குறித்து, 37 வாரத்திலேயே ஆபரேஷன் வைத்துக்கொள்வது. மருத்துவக் காரணம் ஏதும் இல்லாத பட்சத்தில் 39 வாரம் முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்டிசக் கணக்கில் அந்த இரண்டு வாரம் பெரிய வித்தியாசம் செய்யாது. ஆனால் மூச்சுத் திணறல், பால் குடிக்கத் திணறல், மஞ்சள் காமாலை, சர்க்கரைத் தாழ்வு ஆகியவற்றில் வித்தியாசம் தெரியும். நாள் குறிப்பதற்காகக் குழந்தையை இங்குபேட்டருக்கு அனுப்புவது நியாயமில்லை.

34 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ முதலில் கேட்க வேண்டியது, குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி. நம் அரசு மருத்துவமனைகளில் டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு ஊசி. மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பையும் இது குறைக்கும். நாகலூர், வெள்ளக்கடை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். முதல் ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு 108இல் அனுப்ப அரசின் வழிகாட்டுதலே அனுமதிக்கிறது. எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் கீழே உள்ளவர்களுக்கு அடுத்த ஊசியின் நேரம் தெரியாது.

குறை மாதக் குழந்தையின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது நடக்கும் பெரிய தவறு, பிறந்த தேதியை அப்படியே எடுத்துக்கொள்வது. 32 வாரத்தில் பிறந்த குழந்தை 8 வாரம் முன்னதாக வந்திருக்கிறது. அது 18 மாதத்தை எட்டும்போது அதன் திருத்திய வயது 16 மாதம்தான். இரண்டு வயது வரை இந்தக் கழித்தலைச் செய்ய வேண்டும். செய்யாமல் வளர்ச்சிக் கேள்வித்தாளை நிரப்பினால் தேவையில்லாமல் பயப்படுவோம். அடுத்தது கண். 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் கீழோ என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. ஃபைலில் அந்தத் தாள் இல்லையென்றால், "கண்ணைப் பார்க்கவே மாட்டேங்கிறான்" என்ற புகாருக்கு ஆட்டிசம் என்று பெயர் வைக்கும் முன் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த வரி, அழுகை. "பொறந்ததும் அழல" என்பது ஒரு நிமிடமா பத்து நிமிடமா என்று சீட்டில் பார்க்க வேண்டும். ஆப்கார் என்று எழுதி இரண்டு எண் இருக்கும்: ஒன்றாவது நிமிடம், ஐந்தாவது நிமிடம். நிறம், நாடித் துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசை விறைப்பு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண். முதல் நிமிடத்தில் 5 எடுத்து ஐந்தாவது நிமிடத்தில் 8 எடுத்த குழந்தையைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. முதுகைத் தேய்த்துவிட்டதும் அழுத குழந்தை அது. ஐந்தாவது நிமிடத்திலும் 7க்குக் கீழே இருந்தால்தான் பேச்சு. அப்போது ஆட்டிச வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்று பல நாடுகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது.

"ஒன்றரை மடங்கு" என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு பதறும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளில் சுமார் 100க்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று 2018இல் வெளியான பல மாநில ஆய்வு காட்டியது. 1,000 குழந்தைக்கு 10. ஒன்றரை மடங்கு என்றால் 15. மீதி 985 பேருக்கு இல்லை. யூடியூபில் எந்த மடங்கைக் கேட்டாலும் இப்படி 1,000 பேராக மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அழாமல் பிறந்து, பிறகு ஜன்னியும் வந்து, பல நாள் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையின் நிலை வேறு. அங்கே முதலில் தேட வேண்டியது மூளைவாதம், கேட்டல் குறை, வலிப்பு. ஆட்டிசம் அதன் பிறகுதான்.

கொடி சுற்றிய கதைக்கு அதிக இடம் தர மாட்டேன். கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிய கொடியுடன் ஏராளமான குழந்தைகள் நன்றாகப் பிறக்கின்றன. கொடியால் இதயத் துடிப்பு விழுந்ததா, ஆப்கார் விழுந்ததா என்பதுதான் கேள்வி. அந்த எண்களைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். ஆபரேஷனும் அப்படியே. சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடம் ஆட்டிசம் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது உண்மை. ஆனால் ஸ்வீடனில் ஒரே தாய்க்குப் பிறந்த, ஒன்று சிசேரியன் ஒன்று சுகப்பிரசவம் என்ற அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டபோது அந்தக் கூடுதல் மறைந்துபோனது. ஆயுதம் போட்டு எடுத்தது, முதுகில் மயக்க ஊசி போட்டது குறித்துக் கேட்கிறவர்கள் நிறைய. 60க்கும் மேற்பட்ட பிரசவக் காரணிகளை அலசி 2011இல் வெளியான தொகுப்பாய்வில் இந்த இரண்டுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. தனியாக எந்த ஒரு காரணியையும் குற்றவாளி என்று நிறுத்தப் போதிய சான்றில்லை என்பதும் அந்தத் தொகுப்பின் முடிவு.

மஞ்சள் காமாலைக்கு நிறைய இடம் தர வேண்டும், வேறு காரணத்துக்காக. "லைட்டுல வச்சாங்க" என்றால் பிலிருபின், அதாவது ரத்தத்தில் உள்ள மஞ்சள் நிறமி, எவ்வளவு என்று தேடுங்கள். 12, 14 என்று இருந்து இரண்டு நாள் நீல விளக்கில் வைத்து இறங்கியிருந்தால் அந்த வரியை மறந்துவிடலாம். 20க்கு மேல் போயிருந்தாலோ ரத்தம் மாற்றியிருந்தாலோ கதை வேறு. அந்த அளவு மஞ்சள் முதலில் தாக்குவது கேட்கும் நரம்பை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை அங்கே உருவாகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாகச் செய்யும் ஓ.ஏ.இ. பரிசோதனை உள்காதின் நுண்முடிகளை மட்டும் பார்க்கும். நரம்பு கெட்டிருந்தாலும் அதில் "பாஸ்" என்றுதான் வரும். நரம்பின் வழியாக ஒலி மூளைத் தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது பெரா பரிசோதனை. மஞ்சள் கடுமையாக இருந்தவர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தவர்களுக்கும் பெரா கட்டாயம். குழந்தை தூங்கினால்தான் எடுக்க முடியும். தூக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் கடைசியாக எப்போது பால் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் வரும்போது தூங்கவிடாமல் கொண்டுவாருங்கள். ஓமலூரிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ வரும் வழியிலேயே தூங்கி முடித்துவிட்டால் அன்றைய வேலை கெட்டது.

இதே மாதிரி கவனிக்கத் தவறும் இன்னொரு வரி, சர்க்கரைத் தாழ்வு. பிறந்த முதல் நாட்களில் தாய்ப்பால் சரியாக வராமல், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்து, மூன்றாம் நாள் ஜன்னி வந்து, சர்க்கரை 40க்குக் கீழே என்று எழுதியிருக்கும். இதில் அடிபடுவது பெரும்பாலும் மூளையின் பின்பகுதி, பார்வையைப் புரிந்துகொள்ளும் இடம். கண் நன்றாக இருக்கும், பார்த்தது மூளைக்கு விளங்காது. அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்காது, ட்யூப்லைட்டை வெறித்துப் பார்க்கும், கையைக் கண் முன்னால் ஆட்டும். ஆட்டிசம் என்று எழுதிவிடச் சுலபமான தோற்றம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் பின்பக்கத் தழும்பு தெரியும். எல்லா ஆட்டிசக் குழந்தைக்கும் எம்.ஆர்.ஐ. தேவையில்லை, இந்த வரலாறு உள்ள குழந்தைக்குத் தேவை. பார்வைப் பயிற்சியும் வலிப்பு மருந்தும் சேர்ந்தால் கிடைக்கும் முன்னேற்றம், ஆட்டிசப் பயிற்சி மட்டும் கொடுத்தால் கிடைக்காது.

கர்ப்ப காலத்துக்கு வருவோம். தாய் சேய் நல அட்டையில் உள்ளவற்றில் ஆட்டிசத்தோடு உறுதியாகத் தொடர்புடைய மருந்து ஒன்று உண்டு: வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரும் வால்ப்ரோயேட். டென்மார்க்கின் 2013 ஆய்வில், கர்ப்பத்தில் இதை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் 4.42 சதவீதம் பேருக்கு ஆட்டிசம், மற்றவர்களில் 1.53. ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பேராபத்து. தொடர் வலிப்பு தாயையும் கருவையும் சேர்த்துக் கொல்லும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே நரம்பியல் டாக்டரிடம் போய், வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்பதுதான் வழி. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் மறைப்பதால் இந்த மாற்றம் தள்ளிப்போகிறது. மறைப்பதற்குப் பின்னால் இருக்கும் பயம் புரிகிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பது குழந்தை.

ருபெல்லா அம்மை அடுத்தது. 1964இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவுக்குக் கருவிலேயே ஆளான 243 குழந்தைகளை நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ் பரிசோதித்தபோது, 10 பேருக்கு ஆட்டிசமும் 8 பேருக்கு அதன் பகுதி அறிகுறிகளும் இருந்தன. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி முகாம் இந்தக் காரணத்தையும் சேர்த்தே அடைத்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பேச்சு இதற்கு நேர் எதிரானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பே இல்லை. இரண்டாவது தவணை போடும் வயதும் பேச்சு வராததைப் பெற்றோர் கவனிக்கும் வயதும் ஒன்றாக இருப்பதுதான் குழப்பத்துக்கு மூலம். பாரசிட்டமால் குறித்தும் இப்போது பதற்றம் பரவியிருக்கிறது. ஸ்வீடனில் 24 லட்சம் குழந்தைகளின் ஆய்வில் (2024) கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டதும் தொடர்பு மறைந்துவிட்டது. கர்ப்பிணிக்குக் கடும் காய்ச்சல் அடிக்கும்போது மாத்திரை கொடுக்காமல் விடுவதுதான் தவறு.

ரத்தசோகையும் சர்க்கரையும் நம் கையில் இருப்பவை. ஸ்டாக்ஹோமில் 30 வாரத்துக்குள் ரத்தசோகை கண்டறியப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 4.9 சதவீதம் பேருக்கு ஆட்டிசம். ரத்தசோகை இல்லாதவர்களிடம் 3.5. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் உடலில் சேரும். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, காலையில் வயிற்றுக்குப் போவது முதலில் காபிதான். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையிலேயே ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், கரு தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். நார்வேயின் 85,176 குழந்தைகளில், கரு தரிக்கும் 4 வாரம் முன்பிருந்து 8 வாரம் பின்பு வரை எடுத்த தாய்மார்களிடம் கடும் ஆட்டிசம் 0.10 சதவீதம், எடுக்காதவர்களிடம் 0.21. நாள் தள்ளிப்போய், டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்குவதற்குள் இந்தக் காலத்தில் பாதி போய்விடுகிறது.

பெற்றோர் வயதும் சொந்தத்தில் கல்யாணமும்

தாயின் வயதைத்தான் ஊர் பேசும். தந்தையின் வயதை யாரும் கேட்பதில்லை. ஐந்து நாடுகளின் 57 லட்சம் குழந்தைகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், 20களில் இருக்கும் தந்தையோடு ஒப்பிட்டால் 40களில் இருப்பவரின் குழந்தைக்கு 28 சதவீதமும், 50ஐத் தாண்டியவரின் குழந்தைக்கு 66 சதவீதமும் வாய்ப்புக் கூடியது. தாய் 40களில் என்றால் 15 சதவீதம். தாய் 20 வயதுக்குள் என்றால் 18 சதவீதம். விந்தணு உருவாக்கும் செல்கள் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன, ஒவ்வொரு பிரிவிலும் எழுத்துப்பிழை சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு புதிய மாற்றம் என்று ஐஸ்லாந்தில் 2012இல் கணக்கிட்டார்கள். 20 வயதுத் தந்தை கடத்துவது சுமார் 25, 40 வயதுத் தந்தை சுமார் 65. ஜாதகம் பொருந்தவில்லை என்று வரன் பார்த்துப் பார்த்து மாப்பிள்ளைக்கு 38 ஆகிவிடும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. 40களில்கூட வாய்ப்புக் கூடுவது 1,000க்குச் சுமார் மூன்று பேர் என்ற அளவில்தான் என்பதால் யாரையும் இது தடுக்க வேண்டியதில்லை. ஆனால் "எல்லாம் பொண்ணோட வயசு" என்ற பேச்சை நிறுத்த இந்த எண் போதும்.

சொந்தத்தில் கட்டுவது பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கை. குழந்தையில் ஒரே முன்னோரின் ஒரே மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் பகுதி முறையே எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கட்டியிருந்தால் இன்னும் கூடும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் வெளிப்படும் நோய்கள் இப்படித்தான் வெளிவருகின்றன, அப்படி ஒன்று இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இந்திய நகரங்களில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் சொந்தத் திருமணம் மூன்று மடங்கு அளவில் கூடுதலாக இருந்தது. எல்லா நாட்டு ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகவில்லை. என் கணிப்பில், ஆட்டிசத்தோடு வலிப்பு, சிறிய தலை, கற்றதை இழப்பது, கடுமையான அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து, பெற்றோரும் சொந்தம் என்றால், மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அந்தப் பரிசோதனையில் குழந்தையின் ரத்தம் மட்டும் போதாது. அப்பா அம்மா இருவரின் ரத்தமும் சேர்த்து அனுப்பினால்தான், கிடைத்த மாற்றம் பெற்றோரிடமிருந்து வந்ததா புதிதா என்று பிரித்துச் சொல்ல முடியும். அறிக்கையில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று வந்தால் அது விடை இல்லை. அதை வைத்து அடுத்த கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஆண் குழந்தை என்றால் ஃப்ரஜைல் எக்ஸ் (எக்ஸ் குரோமோசோம் வழியே வரும், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் மரபு நோய்) பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தாயின் எக்ஸ் குரோமோசோமில் சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து 55 முதல் 200 முறை திரும்பி வந்தால் அவர் கடத்துபவர், குழந்தையில் 200ஐத் தாண்டினால் நோய். தாய்வழித் தாத்தாவுக்கு முதுமையில் கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும், சித்திக்கு 40க்கு முன்பே மாதவிலக்கு நின்றது என்ற குடும்ப வரலாறு இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆகவே டாக்டரிடம் போகும் முன் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், யாருக்கு யார் என்ன முறை என்று அம்புக்குறியோடு. சொந்தத்தில் கட்டிய குடும்பத்தில் ஒருவரே இரண்டு இடத்தில் வருவார், வாயால் சொன்னால் டாக்டருக்குக் குழம்பும்.

சேலத்தில் எங்கே, எதோடு போவது

டிஸ்சார்ஜ் சீட்டு தொலைந்திருந்தால், பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் உள்நோயாளி எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்ட 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. குழந்தைக்கு மூன்று வயது முடியும் முன் கேட்டுவிடுவது நல்லது. அரசின் கர்ப்பிணிப் பதிவில் கிடைத்த 12 இலக்க எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் சேர்த்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, பிலிருபின் மற்றும் சர்க்கரை அறிக்கைகள், கேட்டல் பரிசோதனைத் தாள், கண் பரிசோதனைத் தாள், குடும்ப மரம் ஆகிய ஐந்தும் மேலே இருக்கட்டும். ஸ்கேன் படக் குவியல் கீழே போகட்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையம் முதல் வாசல். மலையில் இருப்பவர்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டி அங்கேயே பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். 16 முதல் 30 மாத வயதுக் குழந்தைக்காகப் பெற்றோர் நிரப்பும் 20 கேள்வி ஆட்டிசத் தாளில் மதிப்பெண் 3க்குக் கீழே என்றால் பயமில்லை, 3 முதல் 7 வரை என்றால் தொடர் கேள்விகள், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே மதிப்பீட்டுக்கு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு நம் நாட்டின் 40 கேள்வி ஆட்டிச அளவுகோல். மதிப்பெண்: 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மதிப்பீட்டுக்கு நாள் கிடைக்கத் தாமதமானாலும் பேச்சுப் பயிற்சியை அன்றே தொடங்கலாம். சான்றிதழ் வந்த பிறகுதான் பயிற்சி என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது குழந்தை பற்றிக் கேட்கிறவர்களுக்கு: மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு, குழந்தைகளை நெருக்கமாகப் பின்தொடர்ந்த 2024 ஆய்வில் சுமார் 20 சதவீதம், பையன் என்றால் 25, பெண் என்றால் 13. ஸ்கேனிலோ ரத்தத்திலோ ஆட்டிசத்தைக் கருவில் கண்டுபிடிக்கும் பரிசோதனை கிடையாது. மூத்த குழந்தையில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் உறுதியாகியிருந்தால் அதை மட்டும் கருவில் தேட முடியும். இடைவெளியும் முக்கியம். கலிபோர்னியாவின் 2011 ஆய்வில், முந்தைய பிரசவத்துக்கு 12 மாதத்துக்குள் அடுத்தது தரித்தால், 36 மாதத்துக்கு மேல் விட்டவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் வாய்ப்பு. தாயின் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பழைய நிலைக்குத் திரும்பக் குறைந்தது இரண்டு ஆண்டு விடுங்கள். பிறந்த பிறகு, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்று 9ஆம் மாதம், டாட்டா காட்டுகிறதா என்று 12ஆம் மாதம், வேண்டியதை விரலால் சுட்டி உங்கள் முகத்தையும் பார்க்கிறதா என்று 14, 18ஆம் மாதங்களில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிட வீடியோ எடுத்து, தேதியோடு மூத்த குழந்தையின் ஃபைலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.